நானூற்றுப் பதின்மூன்றாவது முன்பதிவு

நானூற்றுப் பன்னிரண்டு. பதினோரு வருடங்களில் அவர் முன்பதிவு செய்த பயணங்களின் எண்ணிக்கை இது. கடலோர ஓட்டல், மலைமேல் குடில், விமான நிலையத்தை ஒட்டிய தீப்பெட்டி அறை, படகு வீடு, எல்லாம் அதில் உண்டு. அவற்றில் அவர் போய் வந்தது ஒன்றுகூட இல்லை.

நுகர்வோர் பத்திரிகை ஒன்றின் சோதனைப் பிரிவில் அவருக்கு வேலை. இரண்டாவது மாடியில் நீளமான ஓர் அறை. ஒரு மூலையில் பெரிய மரக்கட்டை ஒன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு மெத்தைமேல் விழுந்து எழுந்துகொண்டிருக்கும், மெத்தை எத்தனை வருடம் தாங்கும் என்று பார்க்க. இன்னொரு மூலையில் குழாய்க்கடியில் குடை விரித்துப் பிடித்தபடி ஒருவர் நிற்பார். இரண்டுக்கும் நடுவில் இவருடைய மேசை. மேசையில் ஒரு கணினி, நீல அட்டை போட்ட ஒரு பேரேடு. பயண முன்பதிவுத் தளங்கள் சொல்கிற விலையும் கடைசியில் வாங்குகிற விலையும் ஒன்றுதானா, ரத்து செய்தால் விடுகிறார்களா, யாரிடமிருந்து சம்பாதிக்கிறார்கள் என்று பார்த்து மதிப்பெண் போடுவதுதான் அவருடைய வேலை. முன்பதிவு செய்ய வேண்டும், பக்கம் பக்கமாகக் குறித்துக்கொள்ள வேண்டும், அன்றே ரத்து செய்ய வேண்டும். பேரேட்டில் கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘பயணம்’. நானூற்றுப் பன்னிரண்டு வரிகளிலும் அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இருக்கும்.

வீட்டில் அவருக்கு ‘நாலுகடை’ என்று பெயர். ஒன்பது வயதில் பென்சில் வாங்கிவரச் சொல்லி அனுப்பினார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினார். கையில் பென்சில் இல்லை. நாலு கடையின் விலையும், எந்தக் கடையில் ரப்பர் சும்மா தருகிறார்கள் என்ற தகவலும் இருந்தன. அண்ணன் வைத்த பெயர் அன்று ஒட்டிக்கொண்டது. இப்போது வயது ஐம்பத்திரண்டு. பெயரும் விடவில்லை, குணமும் விடவில்லை.

இந்த வருடம் அவர் கையில் இருந்தது பெரிய வேலை. ஐந்து தளங்கள், எட்டு மாதச் சோதனை, முதல் முறையாக அட்டைப்படக் கட்டுரை. ‘யாரை நம்பி அறை போடலாம்?’ என்று தலைப்புகூடத் தயார். ஒரே ஒரு சோதனை பாக்கி இருந்தது. முதலிடத்துக்கு வந்திருந்த தளம், ஆளுக்கு ஆள் விலையை மாற்றிச் சொல்கிறதா? அதைத் தெரிந்துகொள்ள ஏழு போன் வேண்டும், ஏழு விதமான ஆள் வேண்டும், எல்லோரும் ஒரே நொடியில் தேட வேண்டும். அலுவலகத்தில் ஏழு பேர் கிடைத்தார்கள். ஆனால் ஏழு பேர் கையிலும் ஒரே மாதிரி அலுவலக போன். வீட்டில்தான் விதவிதமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வீட்டு முன்னறையில் ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்தார்கள். அவரும், பள்ளியில் விளையாட்டு வாத்தியாராக இருக்கும் கணவரும், நர்சிங் படிக்கும் மகளும். தையல்கடை நடத்தும் தங்கையும், எலெக்ட்ரீஷியனான தங்கை கணவரும். தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணனும், அண்ணியும். அண்ணனுடைய போனின் கண்ணாடி மூலையில் உடைந்து, அதன்மேல் செலோடேப் ஒட்டியிருந்தது. மகளுடையது பெட்டி வாசனை போகாத புது போன். தங்கைக்கு அந்தத் தளத்தில் ‘தங்க உறுப்பினர்’ பட்டமே உண்டு. எப்படிக் கிடைத்தது என்று அவளுக்கே தெரியாது.

“ஏரிக்கரை விடுதி. ஒன்பது ரூம். வர்ற மூணாவது வெள்ளிக்கிழமையிலருந்து ரெண்டு ராத்திரி,” என்றார் நாலுகடை. “ஆளுக்கு ஒரு ரூம் போடுங்க. பணம் இப்ப கேக்காது, போய்த்தான் குடுக்கணும். கடைசிப் பக்கத்துல என்ன விலை வருதோ அதை என்கிட்ட சொல்லணும். அப்புறம் விசில் அடிச்சதும் எல்லாரும் ரத்து பண்ணணும்.”

“பணமே வாங்கலைன்னா அவன் எப்படிப் பொழைக்கிறான்?” என்று கேட்டார் எலெக்ட்ரீஷியன்.

“அவன் வீட்டு புரோக்கர் மாதிரி. நாம தங்கிட்டு வந்ததுக்கு அப்புறம் விடுதிக்காரங்ககிட்ட கமிஷன் வாங்குவான். இன்னொருத்தன் இருக்கான், மொத்த வியாபாரி. ரூமைக் குறைஞ்ச விலைக்கு எடுத்து நம்மகிட்ட ஏத்தி விப்பான். மூணாவது ஒருத்தன், எதையும் விக்க மாட்டான். பத்து கடை விலையையும் போர்டுல எழுதிப்போட்டு, நாம எந்தக் கடைமேல விரலை வைக்கிறமோ அந்தக் கடைக்காரன்கிட்ட காசு வாங்கிப்பான்.”

“விரல் வச்சதுக்கே காசா? நான் வயர்ல விரல் வச்சா எனக்கு ஷாக்குதான் குடுக்கிறாங்க.”

“மாப்பிள்ளை, போனைப் பாருங்க,” என்றார் அண்ணன்.

வாத்தியார் விசில் ஊதினார். ஏழு விரல்கள் ஏழு கண்ணாடியில் ஓடின. ஒரே அறைக்கு நாலு விலை வந்தது. தங்க உறுப்பினருக்கு வந்த விலைதான் எல்லாவற்றிலும் அதிகம். தங்கை போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, “இந்தத் தங்கத்தை உருக்கிப் பார்த்தா பித்தளைகூட தேறாது போலிருக்கே அக்கா,” என்றாள். செலோடேப் போன்காரருக்குத்தான் மலிவு. அண்ணன் எழுந்து நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

அடுத்தது ரத்து. இங்கேதான் அந்தக் குடும்பத்துக்கே உரிய ஒரு பழக்கம் குறுக்கே வந்தது. அந்த வீட்டில் எதைச் செய்தாலும் அது போட்டியாகிவிடும். விளையாட்டு வாத்தியார் இருக்கிற வீடு அல்லவா? முதலில் முடிப்பவர் அன்று டீ கப் கழுவ வேண்டாம், கடைசியில் முடிப்பவர் எல்லா கப்பையும் கழுவ வேண்டும். விசில் ஊதியது. “ஆச்சு!” என்று மகள் நாலே நொடியில் கத்தினாள். “ஆச்சு!” அண்ணி. “ஆச்சு ஆச்சு!” எலெக்ட்ரீஷியன். ஒவ்வொரு ‘ஆச்சு’க்கும் நாலுகடை பேரேட்டில் ஒரு டிக் போட்டார். தன்னுடையதை ரத்து செய்துவிட்டு நிமிர்ந்தபோது நாற்பத்திரண்டு நொடி ஆகியிருந்தது. எல்லோரும் கைதட்டி, ஏழு கப்பையும் அவர் முன்னால் அடுக்கினார்கள்.

கப் கழுவிவிட்டு வந்து அவர் எழுதிய குறிப்பு இது: ‘ரத்து வசதி: எழுத்து சற்றுச் சிறியது, ஆனால் தெளிவு. பத்துக்கு எட்டு.’ வரிசை எண் நானூற்றுப் பதின்மூன்று. கடைசிக் கட்டத்தில் வழக்கம்போல ஒரு கோடு.

பதினாறு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு அலுவலகத்தில் அவருடைய போன் அடித்தது. அண்ணன்.

“நாலுகடை, நாம எல்லாரும் வெள்ளிக்கிழமை ஏரிக்குப் போறோமாமே? என்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே?”

“யாருண்ணே சொன்னாங்க?”

“விடுதிக்காரம்மாதான். இப்பதான் போன் பண்ணாங்க. எந்த ரயில்ல வர்றீங்க, மாடி ஏற முடியாதவங்க யாராவது இருக்காங்களான்னு அக்கறையா கேட்டாங்க. மாடியே குடுங்கம்மா, காத்து வரும்னு சொல்லிட்டேன்.”

முப்பத்தைந்து வருடம் வீடு வீடாகத் தபால் கொடுத்தவர் அவர். வாசலில் நிற்கிற யாரிடமும் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

நாலுகடை பேரேட்டைப் புரட்டினார். “அண்ணே, ரத்து பண்ணீங்கல்ல? ஆச்சுன்னு சொன்னீங்கல்ல?”

“பண்ணேனே. பச்சையா பெரிசா ஒரு பட்டன் வந்துது, அமுக்கினேன். ஒரு பொம்மை வந்து கை தட்டிச்சு. சரி, முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.”

அவர் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தார். பச்சைப் பொத்தான் உள்ளங்கை அகலம் இருந்தது. அதில் ‘சரி, என் அறை இருக்கட்டும்’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, வெள்ளைச் சுவரில் சாம்பல் கோடு இழுத்ததுபோல, ‘ரத்து செய்’. எட்டு மாதமாக இதே வேலையாக இருந்த அவருடைய கண்ணுக்கு அந்தச் சாம்பல் எழுத்து சட்டென்று கிடைத்திருந்தது. கப் கழுவப் பயந்து பாய்ந்த ஆறு பேருக்கும் கிடைக்கவில்லை. அலுவலகத்தில் யாராவது ரத்து செய்தேன் என்று சொன்னால் படம் பிடித்துக் காட்டச் சொல்லுகிறவர், வீட்டில் காதால் கேட்டு டிக் போட்டிருந்தார்.

மற்ற ஐந்து பேரையும் வரிசையாக அழைத்தார். ‘இன்னும் மூன்றே நாள்! நீச்சல் உடை எடுத்து வைத்தாயிற்றா?’ என்று தங்கைக்கு மெயில் வந்திருந்தது. விளம்பரம் என்று அழித்திருந்தாள். மகளுக்கும் அப்படியே. வாத்தியார் மெயிலைத் திறந்து பார்த்தே இரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஆறு அறைகள், வெள்ளியும் சனியும். புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிவரை இலவசமாக ரத்து செய்யலாம். இன்னும் முழுசாக ஒரு நாள் இருந்தது. ஆறு முன்பதிவு எண்களும் பேரேட்டில் இருந்தன; முதல் எண்ணைத் தட்டினார், விரல் அந்தச் சாம்பல் எழுத்துமேல் நின்றது. அப்போதுதான் அண்ணன் மறுபடி கூப்பிட்டு, “இன்னொண்ணு சொன்னாங்க,” என்று இழுத்தார். “நேத்து ஒரு நடைப்பயணக் குழு, பன்னெண்டு பேர், நேரா போன் பண்ணி ரூம் கேட்டாங்களாம். உங்க குடும்பத்துக்கு முதல்லயே குடுத்தாச்சுன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். அந்தக் குழு ஏரிக்கு அந்தப் பக்கம் வேற எடம் பாத்துருச்சாம். பாவம், நம்மளை நம்பி புது பெட்ஷீட்டெல்லாம் வாங்கியிருக்காங்க.”

அவர் விரலை எடுத்துக்கொண்டார்.

ஒன்பது அறை விடுதியில் ஆறு அறை காலியானால் அந்த வாரமே காலி. ஆனால் பத்திரிகையில் ஒரு விதி உண்டு. சோதிக்கிற பொருளின் வழியாக வருகிற எவருடனும் சோதனையாளர் ஒட்டுறவு வைத்துக்கொள்ளக் கூடாது, சலுகை வாங்கக் கூடாது. விதி மீறினால் கட்டுரை குப்பைக்கூடைக்குப் போகும். ஒரு பக்கம் எட்டு மாத உழைப்பு, இன்னொரு பக்கம் முகம் தெரியாத ஒரு பெண்மணியின் புது பெட்ஷீட். இவருக்குப் ‘பயணி’ என்று பெயர் வைத்திருந்த குடைக்காரர் குழாயை மூடிவிட்டு எட்டிப் பார்த்தார். “என்ன பயணி, முகமே நனைஞ்ச மாதிரி இருக்கு?” அவர் பேரேட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனார்.

ஆசிரியரை எல்லோரும் ‘சிவப்பு மை’ என்பார்கள். அவர் பேனா பட்ட தாள் வெட்டுக்காயத்தோடுதான் திரும்பி வரும். நடந்தது அத்தனையையும், கப் கழுவியது உட்பட, கேட்டார்.

“இன்னும் ஒரு நாள் இருக்கில்ல? ரத்து பண்ணிடுங்க. பைசா செலவில்ல,” என்றார்.

“நமக்குச் செலவில்ல சார். அவங்க பன்னெண்டு பேரைத் திருப்பி அனுப்பிட்டாங்க.”

“கட்டுரை திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு அச்சுக்குப் போகணும். ஞாபகம் இருக்கில்ல?”

“இருக்கு சார். அதுலயும் ஒண்ணு சொல்லணும். அந்தத் தளத்துக்கு முதல் இடம் குடுத்தது தப்பு. ரத்து வசதிக்கு எட்டு மார்க் போட்டிருக்கேன். என் கண்ணுக்குத் தெரிஞ்சது, அதனால போட்டேன். எங்க வீட்ல ஏழு பேர்ல ஆறு பேருக்குத் தெரியல. நான் செஞ்சது சோதனையே இல்ல சார்.”

சிவப்பு மை பேரேட்டைத் தன் பக்கம் திருப்பினார். அந்த ஆறு டிக்கையும் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து ஆறையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டார்.

“ஏழுக்கு ஆறு! இதைத்தாம்மா எட்டு மாசமா நீங்க தேடிட்டிருந்தது. மடியில வச்சுக்கிட்டு அழறீங்களே!” என்றார். “போங்க. போய்த் தங்குங்க. முழுப் பணமும் உங்க கையிலருந்து குடுக்கணும். ஒரு டீகூட ஓசியில குடிக்கக் கூடாது. பில் கட்டி ரசீது வாங்குற வரைக்கும் நீங்க யாருன்னு வாயைத் தொறக்கக் கூடாது. நடந்ததை ஒளிக்காம எழுதணும். திங்கள் ஒன்பது மணி. ஒன்பது அஞ்சுன்னா எனக்கு வேணாம்.”

அன்று சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் முன்னறை கல்யாண வீடு மாதிரி ஆயிற்று. புது ஃப்ரிட்ஜுக்கு எடுத்து வைத்ததை வாத்தியார் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். மற்றவர்கள் அவரவர் பங்கைப் போட்டார்கள். கூட்டிப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. ஆள் ஏழு, அறை ஆறு. கணவன் மனைவி என்று நாலுகடையும் வாத்தியாரும் மட்டும் ஓர் அறையில். மற்ற எல்லோருக்கும் ஆளுக்கு ஓர் அறை.

“எனக்கே எனக்கா?” என்று அண்ணி மூன்று தரம் கேட்டார். “முப்பத்தொரு வருஷமா உங்கண்ணன் குறட்டைக்குப் பக்கத்துல படுத்திருக்கேன். ரெண்டு ராத்திரி தூங்கப் போறேன். யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது.”

“நான் குறட்டையா விடறேன்?”

“இல்லண்ணே, நீங்க விடல. அதுவா போகுது,” என்றார் எலெக்ட்ரீஷியன்.

வெள்ளிக்கிழமை காலை ரயில், இரண்டரை மணி நேரம். நாலுகடை ஜன்னலோரம் உட்கார்ந்து, பயணம் என்றால் இப்படி இருக்குமா என்று பார்த்துக்கொண்டே வந்தார். பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசிவரை மடியிலேயே வைத்திருந்தார். “உலகத்துல இருக்கிற ஓட்டல் எல்லாம் இவளுக்குத் தெரியும். பெட்டி கட்டத்தான் தெரியல,” என்று வாத்தியார் பக்கத்து இருக்கைக்காரரிடம் பெருமையாகச் சொன்னார்.

விடுதி, படத்தில் இருந்ததுபோலவே இருந்தது. அதுவே அவருக்கு ஆச்சரியம். இரண்டு மாடி, மஞ்சள் சுவர், மாடியில் ஏரியைப் பார்த்து நீளமான வராந்தா. சாவிகள் ஒவ்வொன்றிலும் தொலைந்து போகாமல் இருக்க ஒரு பெரிய மரக்கரண்டி கட்டியிருந்தது. விடுதிக்காரம்மா அறுபதை ஒட்டிய வயது, உரத்த குரல், மூக்கு நுனியில் கண்ணாடி. “யாரு மாடி கேட்ட அண்ணன்?” என்று கேட்டு, அண்ணனுக்கு முதல் கரண்டியைக் கொடுத்தார்.

அன்று பகலில் எல்லோரும் ஏரிக்குப் போனார்கள். அண்ணி தூங்கப் போனார். நாலுகடை வராந்தாவில் ஒரு மேசை போட்டுக் கட்டுரையைப் பிரித்தார். விடுதிக்காரம்மா துண்டு உலர்த்த வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார்.

“என்ன எழுதறீங்க, கதையா?”

“ஆபீஸ் வேலைங்க.”

“லீவுல வந்துமா? எந்த ஆபீஸ் அது, நான் பேசட்டுமா அவங்ககிட்ட?”

வாயில் இருபது கேள்வி துடித்தது. எத்தனை சதவீதம் கொடுக்கிறீர்கள்? பட்டியலில் மேலே வரச் செய்ய என்ன கேட்கிறார்கள்? ஒன்றையும் கேட்க முடியாது. பில் ஞாயிற்றுக்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை கேட்டால் எப்போது எழுதுவது? இரவெல்லாம் புரண்டு படுத்துவிட்டு, சனிக்கிழமை காலை காப்பி குடித்த கையோடு கவுண்டருக்குப் போய் நின்றார்.

“பில் போட்டுருங்கம்மா.”

விடுதிக்காரம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. “ஏன், என்ன குறை? தண்ணி வரலையா? நாளைக்குத்தானே கெளம்பறீங்க?”

“குறையே இல்லைங்க. நாளைக்குத்தான் கெளம்பறோம். ஆனா இப்ப கட்டிடறேன். காப்பியையும் சேத்துக்குங்க. ரசீது குடுங்க. அப்புறம் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

ரசீது கைக்கு வந்தது. அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். சோதனை, விசில், போட்டி, பச்சைப் பொத்தான். “நாங்க வர்றதாவே இல்லம்மா. தப்பா போட்ட ரூம் இது. உங்க பன்னெண்டு பேரை நாங்கதான் கெடுத்தோம்.”

விடுதிக்காரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கவுண்டரில் வைத்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார் என்று நாலுகடைக்குப் புரிய ஐந்து நொடி ஆயிற்று.

“அந்தப் பச்சை பட்டனா? கை தட்டுற பொம்மையா?” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “போன வருஷம் என் விடுதி அதுல எப்படித் தெரியுதுன்னு பாக்கலாம்னு நானே ஒரு ரூம் போட்டுப் பாத்தேன். என் சொந்த விடுதியில! ரத்து பண்ணேன்னு நெனச்சு அந்தப் பொம்மைக்கு நானும் கை தட்டினேன். மாசக் கடைசியில, விருந்தாளி வந்து தங்கினாங்கன்னு கமிஷன் பில் வந்துருச்சு. என் ரூம்ல நான் படுத்ததுக்கு நான் கமிஷன் கட்டினேம்மா. இத்தனை நாள் வெக்கப்பட்டு யார்கிட்டயும் சொல்லல.”

இரண்டு பேரும் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சத்தம் கேட்டு அண்ணி எழுந்து வந்து, “ஒருத்தரையும் தூங்க விடமாட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு விடுதிக்காரம்மா தன் கணினித் திரையை நாலுகடை பக்கம் திருப்பினார். பதினோரு வருடமாக வாடிக்கையாளர் பக்கத்து ஜன்னலை மட்டும் பார்த்தவருக்கு, கடைக்காரர் பக்கத்து ஜன்னல் அன்றுதான் திறந்தது. நூற்றுக்குப் பதினெட்டு கமிஷன். ‘நட்சத்திரக் கூட்டாளி’ என்ற பட்டம் வேண்டுமென்றால் இன்னும் ஐந்து. பட்டம் வாங்கினால் விடுதி பட்டியலில் மேலே ஏறும். அறை அதே அறைதான். ‘இன்னும் ஒரே அறை மீதி!’ என்று சிவப்பில் மின்னுகிறதே, அது விடுதியில் மீதி உள்ள அறை இல்லை, அந்தத் தளத்துக்கென்று அவர் ஒதுக்கிய அறைகளில் மீதி.

“‘இப்ப அஞ்சு பேர் பாத்துக்கிட்டிருக்காங்க’ன்னு வருமே?” என்று நாலுகடை கேட்டார்.

“அதுல ரெண்டு பேர் நான். ஒண்ணு இந்தக் கம்ப்யூட்டர், ஒண்ணு என் போன்.”

பேனா ஓடிக்கொண்டே இருந்தது. விடுதிக்காரம்மா அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “ஒரேயடியா திட்டிடாதீங்க. இதுல சேரறதுக்கு முன்னாடி, கடைசி ரயிலை விட்டவங்கதான் இங்க வந்து தங்குவாங்க. இப்ப எங்கெங்கிருந்தோ வர்றாங்க. அவன் கமிஷன் வாங்கட்டும், வேலை செய்றான். ஆனா நட்சத்திரம் காசு குடுத்து வாங்கினதுன்னு பாக்கிறவங்களுக்கும் தெரியணுமா இல்லையா?”

நாலுகடை தன் மதிப்பெண் பட்டியலை எடுத்தார். விலை, ரத்து, தெளிவு, குறைதீர்ப்பு என்று நாலு கட்டம் இருந்தது. ஐந்தாவதாக ஒன்றைக் கோடு போட்டுச் சேர்த்தார்: ‘யார் கொடுக்கிறார்கள் என்று சொல்கிறார்களா?’

இன்னொரு சிக்கல் இருந்தது. ஒரு தளத்தின் ரத்தைச் சாதாரண மனிதர்களை வைத்துப் பார்த்தாயிற்று. மற்ற நான்கையும் அப்படிப் பார்க்காமல் மதிப்பெண் போட்டால் அது நியாயமில்லை. அதற்காக இன்னொரு விடுதியில் போய் அறை போட்டு, இன்னொருவர் வயிற்றில் அடிக்கவும் முடியாது. அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து, விடுதிக்காரம்மா காலண்டரைக் கழற்றி எடுத்து வந்தார்.

“அடுத்த மாசம் முதல் வாரம் வெள்ளையடிக்கிறேன், விடுதியே மூடி இருக்கும். அந்த வாரத்தை ஒரு மணி நேரம் நாலு கடையிலயும் தொறந்து விடறேன். போடுங்க, ரத்து பண்ணுங்க. யாருக்கும் நஷ்டமில்ல. முடிஞ்சதும் மூடிடறேன்.”

சனிக்கிழமை பகல் மூன்று மணிக்கு மாடி வராந்தாவில் ஏழு நாற்காலிகள் போடப்பட்டன. ஏரியில் குளித்து ஈரத்தலையோடு எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். விதி மாறியிருந்தது. ‘ஆச்சு’ என்று கத்தினால் செல்லாது. ரத்தான பக்கத்தைப் படமெடுத்து நாலுகடைக்கு அனுப்ப வேண்டும். வாத்தியார் ஊதிய விசிலில் ஏரிக்கரைக் கொக்குகள் எழுந்து பறந்தன.

முதல் தளத்தில் ஏழு பேரும் ரத்து செய்துவிட்டார்கள். இரண்டாவதில் ஆறு. அண்ணன் மட்டும் ரத்து செய்யப்போன இடத்தில் பயணக் காப்பீடு வாங்கப் பார்த்தார், மகள் ஓடிப்போய் போனைப் பிடுங்கினாள். “வேணாம்னு சொன்னா வருத்தப்படற மாதிரி ஒரு முகம் போட்டிருந்துச்சும்மா,” என்றார் அவர். மூன்றாவதில் மறுபடி ஏழு. நாலாவதில் ஐந்து. தங்க உறுப்பினர் அங்கே வெள்ளி உறுப்பினராகி வெளியே வந்தாள். மீந்துபோன மூன்று அறைகளையும் நாலுகடை ஒவ்வொரு போனாக வாங்கி, ரத்து செய்து, விடுதிக்காரம்மாவின் திரையிலும் சரிபார்த்தார். இந்த முறை டிக் போட்டது கண்ணால் பார்த்து.

கப் கழுவும் முறை எலெக்ட்ரீஷியனுக்கு வந்தது. விடுதிக்காரம்மாவோடு சேர்த்து எட்டு கப். டீக்கும் தனியாகக் காசு கட்டி ரசீது வாங்கியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து அவர் எழுதினார். திரும்பி வரும் ரயிலில் மடியில் பையை வைத்து அதன்மேல் வைத்து எழுதினார். அண்ணி எதிரில் உட்கார்ந்து, “இன்னும் ரெண்டு ராத்திரி போட்டிருக்கலாம்,” என்று சொல்லிக்கொண்டே வந்தார். பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்தபடியே தூங்கினார், சத்தமாக.

திங்கள் எட்டு ஐம்பதுக்குக் கட்டுரை சிவப்பு மையின் மேசையில் இருந்தது. முதலிடத்தில் இருந்த தளம் நாலாவது இடத்துக்கு இறங்கியிருந்தது. ஏழு பேர், ஆறு பேர், பச்சைப் பொத்தான், ஏரிக்கரை, ஒரு மணி நேரம் திறந்துவிட்ட விடுதி, எல்லாம் கட்டுரையில் ஒரு பெட்டிக்குள் ஒளிவில்லாமல் இருந்தன. ரசீதின் நகலும் இணைத்திருந்தது. சிவப்பு மை இருபத்தைந்து நிமிடம் படித்தார். ஒரே ஓர் இடத்தில் பேனாவை வைத்தார். ‘சோதனையாளரின் பிழையால்’ என்று அவர் எழுதியிருந்ததில் ‘பிழையால்’ என்பதை அடித்துவிட்டு ‘குடும்பத்தால்’ என்று எழுதினார்.

தன் மேசைக்கு வந்து நாலுகடை பேரேட்டைத் திறந்தார். நானூற்றுப் பதின்மூன்றாவது வரி. கடைசிக் கட்டத்தில் இருந்த கோட்டின்மேல் ஒரு டிக் போட்டார். குடைக்காரர் குழாயடியிலிருந்து கேட்டார்: “ஏரி எப்படி இருந்துச்சு, பயணி?”

“பத்துக்கு ஒன்பது.”

“ஒரு மார்க் ஏன் கொறைச்சீங்க?”

“பெட்டி கட்டத் தெரியலைங்க எனக்கு. அது என்மேல தப்பு.”

கட்டுரை அடுத்த இதழில் வெளிவருகிறது. வரும் மாதம் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு ரயில் டிக்கெட் தளங்களின் சோதனை. ஏழு பேருக்கும் சொல்லியாகிவிட்டது. அதற்குள் வெள்ளையடித்து முடித்துவிடுவேன் என்று சொல்லியிருக்கும் விடுதிக்காரம்மா, எட்டாவது போனோடு முதல் ரயிலில் வருகிறார்.